லிஃப்ட் முட்டி, படிக்கட்டு முட்டி

அம்மான் நகரத்தில் சிபாரிசு இல்லாமல் பல்லைக்கூடப் பிடுங்கமாட்டார்கள். டெலிபோன் இணைப்பு, பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், செத்தபிறகு நல்ல நிழலில் ஒரு குழி, எதற்கும் ஒரு மாமா வேண்டும். மாமா இல்லாதவனுக்கு, மாமாவைத் தெரிந்தவன் ஒருவனாவது வேண்டும். இந்த ஊரில் மாமா நுழையமுடியாத ஒரே இடம் தன் மேஜைமேல் இருக்கும் கணினிதான் என்று அரீஜ் ஒரு வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

அரீஜுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. முட்டித் தேய்மானத்துக்கு ஒரு புது ஊசி வந்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியை மேய்ப்பது அவள் பொறுப்பு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசி. மீதிப் பேருக்கு உடற்பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு காகிதம். யாருக்கு எது என்பதை டாக்டரும் முடிவு செய்யக்கூடாது, நோயாளியும் முடிவு செய்யக்கூடாது. அரீஜ் பொத்தானை அழுத்துவாள். சுவிட்சர்லாந்தில் உள்ள ஒரு இயந்திரம் குலுக்கிப் போட்டு, 'ஊசி' என்றோ 'காகிதம்' என்றோ திரையில் சொல்லும்.

இதை அம்மானில் ஒருவரும் நம்பவில்லை. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் மருமகனோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்தக் கம்ப்யூட்டர் எந்தக் குடும்பம்?" என்று கேட்டார்.

"அது மெஷின், ஐயா."

"மெஷினுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருப்பான்ல? அவன் யார் பையன்?"

"அது சுவிட்சர்லாந்துல இருக்கு, ஐயா. யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கர்னல் மீசையைத் தடவியபடி மருமகன் பக்கம் திரும்பினார். "சுவிட்சர்லாந்துல நமக்கு யாருடா இருக்கா?"

அரீஜ் இதைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். குலுக்கலில் கர்னலும் ஒன்றுதான், காய்கறிக்காரனும் ஒன்றுதான் என்பாள். கர்னலுக்கு ஊசி விழுந்தது. அதிர்ஷ்டக்காரர் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அவ்வளவு படித்த பெண்.

அன்று காலை அவளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, இதுவரை வந்த குலுக்கல் முடிவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, 'சரிபார்த்தேன், குறையில்லை' என்ற கட்டத்தில் மதியத்துக்குள் ஒரு டிக் போடவேண்டும். சுவிட்சர்லாந்துக்காரர்கள் கேட்டிருந்தார்கள். இன்னொன்று அவள் அம்மா உம்மு ஃபிராஸ்.

உம்மு ஃபிராஸின் வீடு அஷ்ரஃபியா குன்றின் உச்சியில் இருந்தது. தெருவிலிருந்து வீடுவரைக்கும் படிகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காஸ் சிலிண்டர் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தப் படிகளில் சுமந்தவள் அவள். இப்போது பாதி வழியில் உட்கார்ந்து, ஊசியைக் கண்டுபிடித்தவனிலிருந்து ஊசி வாங்கித் தராத மகள்வரை அத்தனை பேரையும் திட்டி முடித்தபிறகுதான் மீதிப் படிகளை ஏறுவாள். போன மாதம் ஒரு இரவு, ஏற முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அம்மா அழுது அரீஜ் அதற்குமுன் பார்த்ததில்லை.

மகள் வேலை பார்க்கும் ஆராய்ச்சியில் தாய் சேரலாமா என்று நெறிமுறைக் குழுவுக்கு அரீஜ் எழுதிக் கேட்டாள். குழுவில் பாதிப் பேரின் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சேர்ந்திருந்ததால், குழு தாராள மனதோடு அனுமதித்தது.

ஆக, காத்திருக்கும் அறையில் அன்று இரண்டு பேர் இருந்தார்கள். முதலில் வந்தவர் அபூ ரஜாயி. வஹ்தாத் அகதி முகாமிலிருந்து வந்த, தரைக்கு டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி. இருபது வயதிலிருந்து மண்டியிட்டே பிழைத்தவர். அம்மானில் பாதிப் பணக்கார வீடுகளின் குளியலறைகள் அவர் முட்டியின்மேல்தான் நிற்கின்றன. அவருக்கு அடுத்தது உம்மு ஃபிராஸ். இருவரும் அதற்குள் முட்டிகளை ஒப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

டாக்டர் ஃபவ்வாஸ் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். ஆராய்ச்சியின் தலைவர் அவர். நல்ல மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஊரில் பாதிக் கேடு அப்படிப்பட்டவர்களால்தான் வருகிறது.

"அரீஜ், மொதல்ல உங்கம்மா பேருக்கு அழுத்து. டைல்ஸ்காரர் அப்புறம்."

"அவர்தானே டாக்டர் முன்னாடி வந்தாரு?"

டாக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை. "நம்ம வீட்டுப் பொண்ணு நீ. உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நான் வியாழக்கிழமை தவறாம சீட்டாடறவன். எந்தச் சீட்டு விழுந்துச்சு, எது மிச்சம்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். இந்த மெஷின் நாலு நாலாத்தான் குலுக்குது. ஒவ்வொரு நாலுலயும் ரெண்டு ஊசி, ரெண்டு காகிதம். ரெண்டு காகிதம் விழுந்துருச்சுன்னா?"

"மிச்சம் இருக்கறது ஊசி," என்றாள் அரீஜ்.

"இந்த நாலுல ஒரு ஊசி, ரெண்டு காகிதம் போயாச்சு. அடுத்தது கண்ணை மூடிக்கிட்டு அழுத்தினாலும் ஊசிதான். உங்கம்மாவுக்கு என் அன்பளிப்பு."

"எப்பலேர்ந்து டாக்டர் இது தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். நான் ஒண்ணும் ஏமாத்தலையே. பொத்தானை நீதானே அழுத்தற? யாரை எப்ப உள்ள அனுப்பணும்கறது மட்டும்தான் என் கையில." அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அரீஜ் முடிவுகள் பக்கத்தைத் திறந்தாள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஊசியும் காகிதமும் சரிபாதி. ஆண், பெண், வயது, எடை எல்லாம் தராசில் நிறுத்ததுபோல் இருந்தன. முந்தைய வாரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருவர், உங்கள் மையம் மற்றவர்களுக்கு ஒரு முன்மாதிரி என்று எழுதியிருந்தார். அந்த ஆள்மேல் தப்பில்லை. அவர் திரையில் இருப்பவை வெறும் எண்கள். பெயர்களை இயந்திரத்துக்குச் சொல்லக்கூடாது என்பது விதி.

ஆனால் அரீஜுக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு முகம் தெரியும். ஊசி விழுந்த வரிசையைப் பார்த்தாள். கர்னல். முன்னாள் அமைச்சரின் மச்சினி. வங்கி மேலாளரின் தாயார். அப்தூனில் மூன்று கார் வைத்திருக்கும் பல் டாக்டர். காகித வரிசையைப் பார்த்தாள். டாக்ஸி ஓட்டுபவர், ஹோட்டலில் தட்டுக் கழுவும் அம்மாள், காய்கறிச் சந்தைச் சுமைக்காரர், பள்ளிக்கூடக் காவலாளி. விதிவிலக்காக அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தது. அன்றைக்கு டாக்டர் லீவு போலிருக்கிறது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் விஷயம் முழுதாக உறைத்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் லிஃப்ட் இருக்கும் வீட்டுக்காரர்கள். காகிதக்காரர்கள் எல்லாம் படிக்கட்டில் குடியிருப்பவர்கள். ஆறு மாதம் கழித்து அளந்தால் லிஃப்ட் முட்டி தேறியிருக்கும், படிக்கட்டு முட்டி மோசமாகியிருக்கும். ஊசி மகா அற்புதம் என்று உலகம் முழுவதும் விற்பார்கள். அதில் பச்சைத்தண்ணீர் இருந்தாலும் ஜெயித்திருக்கும். அதற்கு அவள் ஒரு வருஷமாகப் பொத்தான் அழுத்தியிருக்கிறாள், கர்னலைக் கேலியும் செய்திருக்கிறாள். அந்த மனிதருக்கு சுவிட்சர்லாந்தில் ஆள் தேவைப்படவே இல்லை. ஆள் உள்ளூரிலேயே இருந்தார்.

எல்லாம் சரி. ஆனால் அந்தக் கடைசி ஊசி அங்கேயேதான் இருந்தது. ஒரு விரல் தூரம். அம்மாவின் எண்ணை அடித்து அழுத்தினால் முடிந்தது. ஊரே அள்ளித் தின்றிருக்கிறது, எங்கள் வீட்டுக்கு ஒரு வாய் கூடாதா என்று அவள் மனசு கேட்டது. நியாயமான கேள்விதான். படிக்கட்டில் அழுத அம்மாவின் முகத்தை நினைத்தபோது அவள் கை அந்த எண்ணை அடிக்கவும் செய்தது. அழித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி அழித்துவிட்டு, மனசு மாறுவதற்குள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"அபூ ரஜாயி, நீங்க வாங்க."

அபூ ரஜாயி எழுந்திருக்கவில்லை. "மொதல்ல ஹாஜியம்மா போகட்டும். அவங்க வயசுல பெரியவங்க, வலியில உக்காந்திருக்காங்க."

"இல்ல, நீங்கதான் முன்னாடி வந்தீங்க."

"ஹாஜியம்மாவை உக்கார வச்சுட்டு நான் உள்ள போறதா? அவங்க எனக்கு முன்னாடி இந்தக் கதவைத் தாண்டலேன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்."

இந்த ஊர் ஆண்கள் இன்னொரு கோப்பைத் தேநீர் குடிக்கச் சொல்வதற்கும் தலாக்கின்மேல்தான் சத்தியம் செய்வார்கள். மனைவிமார்கள் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல் வீட்டில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் சத்தியம் சத்தியம்தான். உம்மு ஃபிராஸ் கைப்பையைத் தூக்கிக்கொண்டாள்.

"பாத்தியா, மரியாதை தெரிஞ்ச மனுஷன். ஒரு குடும்பத்தைக் கெடுக்கக் கூடாது, வா போலாம்."

"யம்மா, உக்காரு."

"ஏன்டி? அவர்தான் சொல்றாருல்ல?"

அரீஜுக்கு வேறு வழி தெரியவில்லை. "இப்ப யார் பேருக்கு அழுத்தறேனோ அவங்களுக்கு ஊசி. அதுக்கப்புறம் வர்றவங்களுக்கு என்ன விழும்னு தெரியாது. டாக்டர் எண்ணி வச்சிருக்காரு. வேண்டப்பட்டவங்களையெல்லாம் அப்படித்தான் உள்ள விட்டிருக்காரு. நியாயமா இது அபூ ரஜாயியோட முறை."

அபூ ரஜாயி தன் முட்டிகளைப் பார்த்தார். அந்தப் பாழாய்ப்போன சத்தியத்தை ஒரு நிமிஷம் முன்னால் ஏன் செய்தோம் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து, "சொன்னது சொன்னதுதான் ஹாஜியம்மா, நீங்க போங்க," என்றார்.

உம்மு ஃபிராஸ் மகளைப் பார்த்தாள். "அப்ப அந்தக் கர்னலுக்கு விழுந்தது?"

"எண்ணி விழுந்ததுதான், யம்மா."

"குலுக்கல் குலுக்கல்னு என் காதுல ஓட்டை போட்டியேடி."

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

உம்மு ஃபிராஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நொண்டி நொண்டி வந்து, மகளைத் தாண்டி, கதவைத் தாண்டி, அறைக்குள் ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். நின்று மூச்சு வாங்கினாள். ஊசி வேண்டும் என்று கேட்டால் இல்லையென்று சொல்ல அரீஜால் முடிந்திருக்காது, அது அவளுக்கே தெரியும்.

உம்மு ஃபிராஸ் திரும்பி வெளியே வந்தாள்.

"உனக்கு முன்னாடி கதவைத் தாண்டியாச்சு, அபூ ரஜாயி. உன் பொண்டாட்டி தப்பிச்சா. இனிமேலாவது அந்தப் புண்ணியவதியை அவ பாட்டுக்கு இருக்க விடு. எழுந்து போ."

அபூ ரஜாயியின் எண்ணுக்கு அரீஜ் பொத்தானை அழுத்தினாள். ஊசி. டாக்டரின் சீட்டுக் கணக்கில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

விஷயம் தெரிந்து டாக்டர் ஃபவ்வாஸ் ஓடிவந்தபோது, அரீஜ் 'குறையில்லை' கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே இருந்த 'குறை உண்டு' கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். நாலு நாலாக எண்ணியது, யார் யாரை எப்போது உள்ளே விட்டது, இன்று காலை தான் என்ன செய்தாள் என்பதுவரை எழுதினாள்.

"பைத்தியமா உனக்கு? இதை அனுப்பினா நம்ம மையத்தை மூடிருவாங்க. உன் வேலையும்தான் போகும்."

"போகும் டாக்டர்."

"உனக்கு நல்லது பண்ணப்போய்தானே இதைச் சொன்னேன்." உண்மையிலேயே அவர் மனசு புண்பட்டிருந்தது. கண்கூடக் கலங்கியிருந்தது.

"தெரியும் டாக்டர். எல்லாருக்கும் நல்லதுதான் பண்ணியிருக்கீங்க. பட்டியல்ல பாத்தேன்." அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

பதில் வந்து மையத்தை நிறுத்தும்வரை குலுக்கல் திறந்துதான் இருந்தது. அம்மாவின் எண்ணை அடித்தாள். இது புது நாலின் முதல் சீட்டு. டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அழுத்தினாள். 'காகிதம்' என்றது திரை.

அரீஜ் பயிற்சிப் படங்கள் போட்ட காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உம்மு ஃபிராஸே பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முதல் படத்தில் ட்ரவுசர் போட்ட ஒரு மெலிந்த ஆள், ஒரு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"இதைத்தானடி நாப்பது வருஷமா பண்ணிக்கிட்டிருக்கேன்."

அரீஜுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதாள்.

"மூக்கைச் சிந்து," என்றாள் உம்மு ஃபிராஸ். காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "இதை யாரும் எண்ணலையே?"

"எண்ணல, யம்மா."

"நான் யாருன்னு அந்த மெஷினுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப சரி. கையைக் குடு, வீட்டுக்குப் போலாம். ஏற நேரமாகும்."