முதலைப் பிடி

பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். வயது ஐம்பதை எப்போதோ தாண்டிவிட்டது. தலையில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது, தொப்பை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட மனிதரைச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் ‘முதலை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், முதலைக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கப்பா என்று ஒரு குரல் வரும். அவருடைய அக்கா கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவர் கதவுக்குப் பின்னால் நின்று விக்கி விக்கி அழுதார். அதையும் முதலைக் கண்ணீர் என்று சொல்லிச் சிரித்த கூட்டம் அது. ஈரமில்லாத ஜென்மங்கள்.

இந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அக்காதான். அவள் பரதம் கற்றுக்கொண்டு, தோழிகளைச் சேர்த்து முதன்முதலாக ஒரு நாட்டிய நாடகம் போட்டாள். கஜேந்திர மோட்சம். குளத்தில் பூப் பறிக்க இறங்கிய யானையின் காலை முதலை கவ்விக்கொள்கிறது. யானை இழுத்து இழுத்துப் பார்த்துச் சோர்ந்து, கடைசியில் தாமரையைத் தலைக்கு மேல் தூக்கி ‘ஆதிமூலமே’ என்று கூப்பிடுகிறது. பெருமாள் கருடன் மேல் பறந்து வந்து சக்கரத்தை விட்டு முதலையைக் கொன்று யானையைக் காப்பாற்றுகிறார். பெருமாளாக ஆட அடிதடி. மகாலட்சுமிக்கு இரண்டு பேர் முறைத்துக்கொண்டார்கள். கருடனுக்குக்கூட ஆள் இருந்தது. முதலைக்கு மட்டும் ஒருத்தியும் வரவில்லை. பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தரையில் குப்புறக் கிடக்க வேண்டும். முகமும் தெரியாது, கைதட்டலும் கிடைக்காது. வேறு வழியில்லாமல் அக்கா வீட்டுக்குள் வந்து தம்பியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குப் படுத்தவர்தான். அக்கா பெரிய டீச்சராகி, தையல் கடைக்கு மேலே மாடியில் பள்ளி தொடங்கி, எத்தனையோ கதைகளை மேடை ஏற்றினாள். நடுநடுவே கஜேந்திர மோட்சமும் வரும். வந்தால் யானை அவள்தான், முதலை இவர்தான். அதை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மற்றவர்கள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பழகினார்கள் என்றால் தம்பி அவள் காலைப் பார்த்துப் பழகினார். பாவாடை விளிம்புக்குக் கீழே கொலுசோடு ஓடிய கால். கல்யாணமான புதிதில் மெட்டி போட்டு, அது மேடைத் தரையில் உரசுகிறதே என்று அவள் அலுத்துக்கொண்ட கால். பிள்ளை பெற்று எழுந்து வந்தபோது வீங்கியிருந்தது. பிறகு குதிகால் வெடித்தது. சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கமாக மடங்கியது. வேலை செய்யுமிடத்தில் மெழுகில் பல் வரிசையைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போது சில சமயம் அவருக்கு அந்தக் கால்கள் ஞாபகத்துக்கு வரும். அப்போது மெழுகை இளக்கும் ஊதுவிளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பழைய நாட்கள் எல்லாம் போய்விட்டனவே என்று அவருக்கு ஏக்கமாக இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் அக்காவின் வலது முழங்கால் அடியோடு மக்கர் பண்ணியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடக்கலாம், மாடி ஏறலாம், நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பெடுக்கலாம். முழங்காலை மடக்கி அரைமண்டியில் நின்று ஆடுவது மட்டும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் செய்து, பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சிக்குக் கஜேந்திர மோட்சம் போடப்போவதாகவும், யானை தான்தான் என்றும் சொன்னாள். ஒரே ஒரு தடவை, முழுசாக, கீழே விழாமல் ஆடி முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கத்தி வைத்தாலும் சரி, கோடாலி வைத்தாலும் சரி என்றாள்.

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அத்தானுக்கு அது முப்பது வருஷமாகத் தெரியும். தாளம் தட்டி ஜதி சொல்லும் வேலை அத்தானுடையது. மேடையில் அவள் கண்ணசைவுக்குக் காத்திருந்து பழகியவர், வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். அவளிடம் வாயைத் திறக்க முடியாமல், ஒரு நாள் சாயங்காலம் தம்பி வேலை செய்யுமிடத்துக்கு வந்தார். வரிசையாக அடுக்கியிருந்த பல் செட்டுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“மச்சான், நீங்க ஒண்ணு பண்ணணும். மேடையில அவ கால் நடுங்குறது உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். நடுங்கினா உடனே விட்டுடுங்க. ரெண்டு காலையும் ஊனி நின்னுடுவா. நான் தாளத்தை முடிச்சுடறேன்.”

பெருமாள் வருவதற்கு முன்னாலேயே முதலை விட்டால் கதை என்னாவது என்று தம்பி கேட்டார். யானை தானே தப்பித்துக்கொண்டதாக இருக்கட்டும், பெருமாள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார் அத்தான். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த வாக்கு ஒத்திகையின் முதல் நாளே இடித்தது. அந்த ஆட்டத்தின் அமைப்பு அப்படி. யானை வலது காலில் முழங்காலை மடக்கி நின்று உடம்பை முன்னால் சாய்க்கும். பின்னால் நீட்டிய இடது காலை முதலை பிடித்திருக்கும். பாரம் முழுவதும் அந்தக் கெட்டுப்போன முழங்காலில். காலை மாற்றிக்கொள்ளலாமே என்று தம்பி கேட்டுப் பார்த்தார். அக்காவும் ஒரு தடவை மாற்றி நின்று பார்த்தாள். பழகிய உடம்பு கேட்குமா? தும்பிக்கையாக வளைக்க வேண்டிய கை தடுமாறி, தூண் ஒன்றைப் போய்ப் பிடித்துக்கொண்டது. சரி, பழையபடியே என்று ஆனதும் தம்பி அவள் கணுக்காலைப் பூவைத் தொடுவதுபோலத் தொட்டார். பாட்டு டீச்சர் இரண்டு வரி பாடியிருப்பாள். அக்கா தொம்மென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெருமாள் வேஷக்காரி, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண், சக்கரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அக்கா அவளைக் கையமர்த்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

“என்னடா பிடி இது? வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி! முதலையா பிடி. நீ இழுத்தாத்தான்டா நான் அதுல சாஞ்சு நிக்க முடியும்.”

இத்தனை வருஷமாகத் தம்பிக்கு இது தெரியாது. அக்காவைக் கீழே தள்ளாமல் இருந்தால் போதும் என்றுதான் அவர் ஒவ்வொரு தடவையும் நினைத்திருக்கிறார். பின்னால் ஒருவர் பலமாக இழுத்தால் முன்னால் சாய்கிறவள் அந்த இழுப்பின் மேல் பாதிப் பாரத்தைப் போட்டுக்கொள்ளலாம், முழங்கால் பிழைத்துக்கொள்ளும். இழுக்காவிட்டால் எல்லாம் அந்த ஒற்றை மூட்டின் தலையில். மறுபடி நின்றார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அவள் ஆடாமல் நின்றாள். முதலை இழுக்க இழுக்க யானை நிற்கிறது. என்ன அநியாயக் கணக்கு இது என்று அவருக்கு அன்றிரவு சாப்பாடே இறங்கவில்லை.

நிகழ்ச்சி நாளும் வந்தது. ஒப்பனை அறையில் பெண்பிள்ளைகளின் கூச்சல், பவுடர் வாசனை, ஊசி எங்கே பின் எங்கே என்ற தேடல். தம்பி ஒரு மூலையில் பச்சைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். குனிய முடியாமல் சிரமப்பட்டாள். அவர் நகர்ந்து போய் இடது கால் சலங்கையின் வாரைத் தானே இறுக்கிக் கட்டினார்.  

திரை விலகியது. குளமும் பூவும் பெண் யானைகளுமாக ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. அக்கா அசைந்து நடந்து வந்தாள். காதுகளை விசிறினாள், தும்பிக்கையால் தண்ணீரை வாரி இறைத்தாள். சபையில் சின்னப் பிள்ளைகள் கலகலவென்று சிரித்தன. தம்பி ஊர்ந்து போய்க் காலைப் பிடித்தார். பிடித்து இழுத்தார். அவள் சாய்ந்தாள். மேளக்காரர் உருட்டினார். யானை திமிறியது, அலறியது, வலுவிழந்தது.

பிறகு ‘ஆதிமூலமே’ என்ற அழைப்பு வந்தது.

அந்த இடத்துக்குக் கணக்குக் கிடையாது. பாட்டு டீச்சர் அந்த ஒரு சொல்லையே விதவிதமாகத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பாள். யானை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பாவனையில் கூப்பிடும். அக்கா எப்போது தாமரையைத் தலைக்கு மேல் தூக்குகிறாளோ அப்போதுதான் அடுத்த வரி, அப்போதுதான் கருடன். அவள் போட்ட வழக்கம் அது. இதனால்தான் அவள் பள்ளியில் ஒலிநாடாவுக்கு ஆடுவதே இல்லை. யானைக்குப் போதும் என்று எப்போது தோன்றும் என்பதை இயந்திரமா சொல்லும் என்பாள்.

ஒத்திகையில் சீக்கிரமே தூக்கிவிடுவாள். இன்று தூக்கவில்லை. கோபமாகக் கூப்பிட்டாள். கெஞ்சினாள். குழந்தை தாயைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். பாட்டு டீச்சர் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனாள். தம்பியின் உள்ளங்கைக்குள் கணுக்கால் லேசாக அதிர்ந்தது. முதலில் சலங்கையோ என்று நினைத்தார். இல்லை, கால்தான். நடுக்கம் ஏறிக்கொண்டே வந்தது.

துணி இடுக்கு வழியாக அத்தான் தெரிந்தார். கை தாளம் தட்டிக்கொண்டிருந்தது, கண் இவர் மேல் இருந்தது. விடுங்க மச்சான் என்று அந்தக் கண் மன்றாடியது. இறக்கை கட்டிய கருடனும் சக்கரம் பிடித்த பெருமாளும் ஓரத்தில் தயாராக நின்று, அக்கா ஏன் இன்னும் பூவைத் தூக்கவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

வலியில் மறந்துவிட்டாளோ? கை மேலே எழும்பவில்லையோ? கொடுத்த வாக்கு வாக்குதான், விட்டுவிடுவோம் என்று தம்பி முடிவெடுத்து விரல்களைத் தளர்த்தினார். தளர்த்திய அந்த நொடியே அக்கா திமிறுகிற சாக்கில் உடம்பைத் திருப்பிப் பின்னால் குனிந்தாள். மையெல்லாம் கரைந்திருந்தது. அவள் முகத்தில் வலி இருந்தது, ஆனால் அவள் எதையும் மறந்திருக்கவில்லை. சபைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“இன்னும் கொஞ்ச நேரம்டா. விட்டுடாதே.”

அப்போதுதான் அந்த மரமண்டைக்குப் புரிந்தது. பூவைத் தூக்கினால் பெருமாள் வந்துவிடுவார். வந்தால் காப்பாற்றிவிடுவார். காப்பாற்றிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். அக்கா பெருமாளை வரவிடாமல் குளத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தம்பி அத்தானைப் பார்க்காமல் முகத்தைத் தரையில் பதித்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் அக்காவின் காலைப் பற்றி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தார். அவள் அந்த இழுப்பில் முழுவதுமாகச் சாய்ந்தாள். பாட்டு டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.