கொக்கியின் கழுத்தில் ஒரு கோடு

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகப் பதினைந்து நாள் லீவு எடுத்துவிட்டு அன்று காலைதான் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மேஜைமேல் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே, லீவில் போகும் முன் அவள் வரைந்து கொடுத்த ஜன்னல் கொக்கிகள். மாடி வீடுகளில் குழந்தைகள் ஜன்னலைத் தள்ளினால், நாலு விரல் அளவுக்கு மேல் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி. வெள்ளை வெளேரென்று, சோப்புக்கட்டி போல வழவழவென்று வந்திருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். மயிரிழை வித்தியாசத்துக்குக்கூட மல்லுக்கு நிற்பவள் என்று யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு என்ன குறை கண்டுபிடிப்பாளோ என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டேதான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

திருகு போகும் ஓட்டைக்குப் பக்கத்தில், கொக்கியின் கழுத்தில், குறுக்காக ஒரு கோடு. நகத்தால் வருடினாள். இடறியது.

அது எப்படி வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும்போது, ஓட்டைக்காக நிற்கும் ஊசியில் முட்டி இரண்டாகப் பிரியும். ஊசியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் மறுபடி சேரும். சேர்வதற்குள் சூடு ஆறிவிட்டால், ஒட்டியது போலத் தெரியுமே தவிர, சரியாக ஒட்டியிருக்காது. இந்தக் கோடே விழாமல் செய்ய முடியாது. எங்கே விழட்டும் என்று வேண்டுமானால் முடிவு செய்யலாம். பிளாஸ்டிக் நுழையும் வாசலை, அவர்கள் பேச்சில் 'கேட்'டை, எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. கோடு தடித்த வால் பக்கம் விழட்டும் என்றுதான் அவள் கேட்டை முன்பக்கம் யோசித்து வைத்திருந்தாள். இப்போது அது கழுத்தில் விழுந்திருந்தது. குழந்தை தள்ளும் பாரமெல்லாம் வந்து நிற்கிற இடத்தில்.

இரண்டு கையாலும் பிடித்து நாலைந்து முறை வளைத்தாள். டக்கென்று கையோடு வந்துவிட்டது. உடைந்த முகம் கத்தியால் அறுத்தது போல நேராக இருந்தது.

அச்சு செய்கிறவரை எல்லோரும் டூல்ரூம் அண்ணன் என்பார்கள். உடைந்த துண்டுகளோடு அவரிடம் போனாள்.

"அண்ணே, கேட்டை மாத்தினது யாரு?"

"மேனேஜர்தாம்மா. முன்பக்கம் புள்ளி மாதிரி தெரியுது, பாக்க அசிங்கமா இருக்குன்னு வாங்குறவங்க சொன்னாங்களாம். வால் பக்கம் மாத்தச் சொன்னாரு." அவர் கையைத் துணியில் துடைத்தார். "நானும் டிராயிங்கை எடுத்துப் பாத்தேன். கேட் இங்கதான் இருக்கணும்னு அதுல எழுதியிருந்தா மாத்தியிருக்க மாட்டேன். எழுதல."

அவளுக்குச் சுருக்கென்றது. எழுதவில்லைதான். வாயால்தான் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியவள் அவள்.

மேனேஜர் துண்டுகளைத் தொடக்கூட இல்லை. "பத்து பீஸ் இழுத்துப் பாத்தாச்சும்மா. ஒண்ணும் ஆகல."

"ஒரு தடவை இழுத்தா தாங்கும் சார். குழந்தைங்க ஒரு தடவையோட விடுமா? நாள் பூரா ஆட்டிக்கிட்டே இருக்கும்."

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க. ரெண்டு லோடு போயாச்சு. மாட்டியும் ஆச்சு."

"எங்கே?"

"ஒண்ணு வெளியூர். இன்னொண்ணு பாலத்துக்கு அந்தப் பக்கம், அந்தப் புதுப் பன்னிரண்டு மாடிக் கட்டடம்."

அவளுடைய அண்ணன் குடியிருக்கும் கட்டடம் அது. ஏழாவது மாடி. போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபோது அண்ணி போனில் சொன்னது அப்படியே காதில் கேட்டது. "நீ வரைஞ்ச கொக்கியை எங்க வீட்டுலயும் மாட்டிட்டாங்க. இனிமே பாப்பாவை விட்டுட்டு அஞ்சு நிமிஷம் கீழே கடைக்குப் போயிட்டு வரலாம். மனசுக்கு நிம்மதியா இருக்கு."

அண்ணிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற டூல்ரூம் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

ஏழாவது மாடி நடைவழியில் ஆள் நடமாட்டமே இல்லை. கதவு பூட்டியிருந்தது. அவள் மறுபடி அழைத்தாள்; உள்ளே அண்ணியின் போன் அடிப்பது வெளியே கேட்டது. அதோடு இன்னொரு சத்தம். தரையில் நாற்காலியை யாரோ இழுக்கிறார்கள். கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கிற சத்தம்.

"பாப்பா, அத்தை வந்திருக்கேன்டா. அம்மா எங்கே?"

சத்தம் நின்றது. "கடைக்கு."

"நீ என்ன பண்றே?"

மெல்லிய குரல் வந்தது. "அத்தை, நான் உடைக்கல. அதுவா உடைஞ்சிடுச்சு."

கதவின் அடியிடுக்கு வழியாக அவள் கால்மேல் காற்று வீசியது. உள்ளே ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது. டூல்ரூம் அண்ணனுக்கு அவள் கண்ணைப் பார்த்ததே போதும். கடையில் இருக்கும் அண்ணியை அழைத்துவர, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினார்.

அலறினால் குழந்தை பயந்துவிடும். அவள் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"நீ உடைக்கலைன்னு எனக்குத் தெரியும். அத்தை திட்ட மாட்டேன். இங்க வா, ஒரு விஷயம் காட்டுறேன்."

"கொக்கி கீழே விழுந்திடுச்சு. எட்டிப் பாத்தா தெரியும்."

"வேண்டாம்டா. அத்தைகிட்ட பை நிறைய கொக்கி இருக்கு." கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். "கதவுக்கு அடியில பாரு, என் விரல் தெரியுதா?"

சுண்டு விரலை இடுக்கில் நுழைத்தாள். கதவின் விளிம்பு தோலைச் சிராய்த்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று தெரியவில்லை. திரைச்சீலை படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு பொத்பொத்தென்று காலடிகள். சூடான ஒரு குட்டிக் கை அவள் விரலைத் தொட்டது.

"அத்தை விரல் அழுக்கா இருக்கு."

"ஆமாடா. விடாம பிடிச்சுக்கோ. விட்டா நீ தோத்துட்டே."

அண்ணி ஓடி வந்து கதவைத் திறந்தபோது குழந்தை குப்புறப் படுத்து விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே நாற்காலி ஒட்டிப் போட்டிருந்தது. அண்ணி குழந்தையை அள்ளிக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். மூச்சு திரும்பியதும் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ செஞ்சதுன்னுதானே நம்பினேன்."

"தப்பு எங்க பக்கம்தான் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். டூல்ரூம் அண்ணன் ஒரு கயிற்றால் ஜன்னலை இறுக்கிக் கட்டினார். கீழே வாசல் சிமெண்டில் கொக்கியின் பாதித் துண்டு வெள்ளையாகக் கிடந்தது.

அந்தப் பகல் முழுக்க இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவை முகத்தில் அறைந்து சாத்தினார். ஐந்து வீடுகளில் கொக்கி ஏற்கெனவே உடைந்திருந்தது. பிளாஸ்டிக் சாமான்தானே என்று குப்பையில் போட்டிருந்தார்கள். நடுவில் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு அங்க போனீங்க? வேலையில இருக்கணுமா வேண்டாமா?"

"அந்த இன்னொரு லோடு எந்த ஊருக்கு சார்? விலாசம் சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டார். குடோனில் பில் போடுகிறவரிடம் கெஞ்சி விலாசத்தை அவளே வாங்கினாள். பதினைந்து மாடிக் கட்டடம்; போன வாரமே ஆட்கள் குடிவந்துவிட்டார்களாம். அங்குள்ள காவலாளியின் எண்ணும் கிடைத்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுத்தினாள். எடுத்தவர் வயதானவர், நிதானமாகப் பேசினார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"இங்க காலையில இருந்து ஒரே கூட்டமா இருக்கும்மா" என்றார். "நீங்க யாரு, அந்தக் குழந்தைக்குச் சொந்தக்காரங்களா?"