பெட்டி நிறைய ஈய ஆணி

மந்திரம் தெரிந்தவர்கள் என்றைக்காவது நம் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. கொல்லர் இருக்கும்போது என்ன பயம்? எந்தக் குழந்தை கைபட்டுத் தண்ணீர் மேல்நோக்கி ஏறுகிறதோ, அதை ஏழு வயதில் அவர் பட்டறைக்குக் கூட்டி வருவார்கள். கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி, இரு முனையையும் சேர்த்து இரும்பு ஆணி அடித்துவிடுவார். வட்டம் முழுக்க இரும்பென்றால் மந்திரம் ஊரை ஆளும் மன்றத்தார் ஏவிய வேலைக்கு மட்டும்தான் வரும். தண்ணீரை மாடிக்கு ஏற்றலாம், பாறையை நகர்த்தலாம். சொந்த விருப்பத்துக்கு ஒரு கொசுவைக்கூட விரட்ட முடியாது.

"தலையைச் சாய்ச்சுக்கோ கண்ணு, ஒரு நொடிதான்" என்பார் கொல்லர். பட்டறைக் கல்லில் கன்னம் பதிந்திருக்க, காதோரம் மூன்று அடி. பிறகு வளையத்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். கழுத்து வளர இடம் வேண்டுமே! தங்கமான மனுஷன் என்றுதான் ஊரே சொல்லிற்று.

அப்புறம் அவருடைய ஒரே மகள் கையில் தண்ணீர் ஏறியது.

அன்றைக்கு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மன்றத்து மேற்பார்வையாளர் வாசலில் நிற்க, கூரைத் தகட்டுக்கு வைத்திருந்த ஈய ஆணிகளில் ஒன்றை எடுத்துக் கரி பூசி அடித்தார். பார்வைக்கு அசல் இரும்பு, ஆனால் வட்டம் முழுசாகவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே என்று மகள் காதில் சொல்லியும் வைத்தார். அவளும் வாயில்லாப் பூச்சியாகப் பன்னிரண்டு வருடம் உழைத்தாள்.

ஒரு காலை, களைத்து விழுந்த தோழியை மேற்பார்வையாளர் சவுக்கால் விளாசினார். மகள் தன் ஆணியைப் பிடுங்கி எறிந்தாள். மற்ற வளையங்களையும் அவளே அறுத்தாள். மதியத்துக்குள் மன்றம் அவர்கள் கைக்கு வந்தது.

ஊரார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொல்லர் மட்டும் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னே, அரசியைப் பெற்றவர் அல்லவா!

மன்றத்தில் மகள் நடு நாற்காலியில் இருந்தாள். சுற்றிலும் கழுத்தில் தழும்போடு நாற்பது பேர். அவர்களுக்குக் கொல்லர் மேல் பெரிய கோபமில்லை. மன்றத்தார் சொன்னதைச் செய்தார், அவர் என்ன செய்வார் பாவம் என்றே நினைத்திருந்தார்கள். தன் ஆணி துருப்பிடித்து இற்றுப்போயிருந்ததால்தான் பிடுங்க வந்தது என்று மகளும் சொல்லியிருந்தாள்.

கெடுத்தது அவர் வாய்தான். மகள் கண்ணால் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், தான் அன்றைக்கே இவர்கள் பக்கம் என்று காட்ட, ஈய ஆணிக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டார்.

சவுக்கடி பட்ட தோழி எழுந்தாள். "அந்த ஆணி எத்தனை இருந்துச்சு?"

"பெட்டி நிறைய இருந்துச்சும்மா."

"அப்போ எங்களுக்கு ஏன் ஒண்ணு போடல?"

நாற்பது முகங்களும் மகள் பக்கம் திரும்பின. அப்பாவை விட்டால் நாற்காலி பொழுதுசாயும்வரைகூட நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அழுதாள். அழுதுகொண்டேதான் கல்லையும் சுத்தியலையும் கொண்டுவரச் சொன்னாள். மாட்டிக்கொண்டவரை அடிமையாக்கும் ஏவலை ஒரு வளையத்தில் ஏற்றினார்கள். நாளையிலிருந்து ஊராருக்கெல்லாம் அதே மாதிரி வளையம் அடிக்க வேண்டியது அவர் வேலை என்றார்கள்.

"தலையைச் சாய்ச்சுக்கோங்கப்பா, ஒரு நொடிதான்" என்றாள் மகள்.

இரும்பு ஆணி, மூன்று அடி. எழுந்ததும் பழக்கதோஷத்தில் அவர் சுண்டுவிரலை வளையத்துக்குள் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. கிழட்டுக் கழுத்துதானே, இனி வளரவா போகிறது?