இடது மணிக்கட்டு

விடியுமுன்பே மணிக்கட்டு எரிச்சல் தளவாயை எழுப்பிவிட்டது. வாட்ச் வாருக்கு அடியில் கட்டெறும்பு புகுந்த மாதிரி கடி. சொறிந்தால் ஒரு நொடி சுகம், அதற்கப்புறம் மிளகாய் அரைத்த கை போலக் காந்தல். இன்றைக்குப் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. எரிச்சல் மணிக்கட்டோடு நிற்காமல் முழங்கை வழியாக ஏறி, அக்குளில் போய் உட்கார்ந்து விண்விண்ணென்று தெறித்தது.

இடது கை. அதுதான் பயம்.

பங்குனியில் நெஞ்சுவலி வந்தபோதும் இடது கையில்தான் தொடங்கியது. ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், இனிமேல் இடது கையில் வலி என்றால் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். தளவாய் உட்கார்ந்து யோசித்தான். இன்று ஆடி ஞாயிறு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவனுக்குச் சாரல் காலம்தான் வருஷம். மற்ற மாதங்களில் அவன் இருக்கிறானா செத்தானா என்று அருவிகூடக் கேட்காது.

வாட்ச் மகள் ஸ்வாதி வாங்கிக் கொடுத்தது. சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். அப்பனின் நாடித்துடிப்பு அவள் போனில் தெரியும். "எப்பா, தொழிலுக்குப் போணும்னா இது கையில இருக்கணும். கழத்துனீங்கன்னா அடுத்த ரயில்ல வந்து உங்கள மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக் கட்டிவிட்டாள். தளர்வாகக் கட்டினால் துடிப்பு பிடிபடவில்லை என்று போன் போட்டுக் கத்தினாள். அதனால் ஒரு ஓட்டை தள்ளி இறுக்கிக் கட்டினான். வலது கைக்கு மாற்றிப் பார்த்தான். அழுத்தித் தேய்க்கும்போது ஆட்களின் எலும்பில் இடித்தது. மறுபடி இடது கைக்கே வந்தது.

காலை முதல் சாயங்காலம் வரை எண்ணெய், சீயக்காய், அருவித் தூவானம். எல்லாம் அந்த ரப்பர் வாருக்கு அடியில் போய்த் தேங்கும். முதலில் சிவப்பாக ஒரு வளையம் விழுந்தது. பிறகு நீர்க்கொப்புளம். பிறகு தோல் வெடித்து நீர் கசிந்தது. தளவாய் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தான். ஓமமும் சுக்கும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சிய தன் தொழில் எண்ணெயையே தினமும் தடவி, மேலே வாரைக் கட்டிக்கொண்டான். ஊர் உடம்பை எல்லாம் சரியாக்குகிற எண்ணெய் சொந்தக் கைக்குக் கேட்காமல் போகுமா?

"தோலு வெந்து போச்சு. அந்தச் சனியனக் கழத்திப் போடுங்க" என்றாள் மனைவி மாடத்தி.

"ஓம் மவகிட்டச் சொல்லு."

"சொல்லுதேன்."

"சொன்னா நாளைக்கே வந்து நிப்பா. பெறவு சீசனுக்கு நீ போய்த் தேய்ப்பியாட்டி?"

மாடத்தி எண்ணெய்ப் போத்தலை எடுத்து அவன் பையில் வைத்தாள். அக்குள் வலியை அவளிடம் அவன் சொல்லவில்லை. மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

மெயின் அருவிப் பக்கம் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு இடம் பிரித்துவிடுகிறவர் முத்துக்குமாரசாமி. தளவாயோடு சேர்ந்து தொழிலுக்கு வந்தவர்.

"என்ன வே, கையில துண்டு? ஜல்லிக்கட்டுக்கா போறீரு?"

"சாரலுக்குக் குளிருது வே."

"கைக்கு மட்டுமா?" என்று சிரித்துவிட்டு, ஒரு ஆளைக் காட்டினார். மதுரைக்காரர். தூண் மாதிரி உடம்பு. மச்சினன்மார்கள் கார் நிறைய வந்திருந்தார்கள்.

"அண்ணே, நல்லா அமுக்கித் தேச்சுவிடுங்க. ஒரு வருஷ வலி கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் மல்லாந்து படுத்தார்.

உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தொடங்கினான். குற்றாலத்துத் தேய்ப்புக்காரர்களிடம் ஒரு கட்டு உண்டு. ஒரு உடம்பில் கை வைத்தால் முடிக்காமல் எடுக்கக் கூடாது. பாதியில் விட்டவன், அந்த உடம்பை முடித்துக் கொடுக்காமல் வேறு உடம்பில் எண்ணெய் வைக்கக் கூடாது. யார் போட்ட கட்டு என்று தெரியாது. மீறியவனை யாரும் பார்த்ததில்லை.

நெஞ்சு, தோள், கை என்று இறங்கும்போதே தளவாயின் இடது கை கனக்க ஆரம்பித்தது. வலி ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அக்குளில் குத்தியது. உடம்பு உள்ளுக்குள் நடுங்கியது. சாரலில் நின்றும் நெற்றியில் வேர்வை. பையிலிருந்த போன் அடித்தது. இடது கையை அவர் மேல் வைத்தபடியே வலது கையால் எடுத்தான்.

"எப்பா, என்ன செய்யுதீங்க? துடிப்பு ஏறிக்கிட்டே போவுது."

"படி ஏறுனேன்ட்டி."

"இவ்வளவு நேரமாவா படி ஏறுதீங்க? மலை உச்சிக்கா போறீங்க?"

"கூட்டம்ட்டி. மெதுவா ஏறுதேன்."

"எப்பா, எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க. உக்காருங்க."

"உக்காந்துட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, முழங்காலிட்டு மதுரைக்காரரின் தொடையைப் பிடித்தான். உக்காந்துதானே இருக்கேன், என்ன பொய் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். நெஞ்சுதான். மறுபடி நெஞ்சுதான். இந்த ஒரு உடம்பை முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். போனால் ஸ்வாதி வருவாள், தொழில் முடிந்தது. போகாவிட்டால் ஆளே முடிந்தான். ரெண்டுக்கும் நடுவில் ஒரு முதுகு கிடக்கிறது.

"திரும்பிப் படுங்க அண்ணாச்சி."

மதுரைக்காரர் புரண்டு குப்புறப் படுத்தார். எண்ணெய் படாத அகலமான முதுகு. தளவாய் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றினான். இடது கை விரல்கள் மடங்கவில்லை. வெண்டைக்காய் மாதிரி விறைத்து வீங்கி நின்றன. எண்ணெய் விரலிடுக்கில் ஒழுகிக் கல்லில் சொட்டியது.

முத்துக்குமாரசாமி பார்த்துவிட்டார். "வே, மூஞ்சி ஏன் கறுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல வே. நீரு போம்."

அவர் போகவில்லை. துண்டைப் பிடித்து உருவினார். வாரின் இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, நடுவில் சீழ் கட்டியிருந்தது. நாற்றம் எழுந்தது. "ஆத்தாடி! என்ன வே இது கை?"

தளவாய் அவரைப் பக்கத்தில் இழுத்துக் குனிய வைத்தான். காலையிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். "கையில்ல வே. நெஞ்சு."

குப்புறக் கிடந்தவர் தலையைத் தூக்கினார். "என்னது, நெஞ்சா? ஏன்யா, அதோடயா என்னத் தேச்சுக்கிட்டிருந்த?" ஒரே எழும்பலில் எழுந்தார். மார்பிலும் தொடையிலும் எண்ணெய் மினுங்க, இடுப்பில் ஈர டவுசரோடு நின்றுகொண்டு, "டே மாப்ள, கார எடு!" என்று அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

மச்சினன் ஓட்டினான். தென்காசிச் சாலையில் மேலகரம் தாண்டும்வரை வண்டிகள் இஞ்சு இஞ்சாக நகர்ந்தன. மதுரைக்காரர் ஜன்னலுக்கு வெளியே அரை உடம்பை நீட்டி, "ஒதுங்குங்கப்பா, ஒதுங்கு!" என்று வழி கேட்டார். எண்ணெய் வடிந்து சீட்டு முழுக்க ஊறியது. முத்துக்குமாரசாமியின் மடியில் தலை வைத்திருந்த தளவாய் எண்ணெய் படாத அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலில் போட்டு நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். நர்ஸ் வாட்சைக் கழற்றப் பார்த்தாள். வார் சதையோடு ஒட்டியிருந்தது. கத்தரியால் வெட்டி உரித்தபோது தளவாய் அலறிவிட்டான். வாட்ச் தட்டில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. முத்துக்குமாரசாமி அதை அவன் காதில் வைத்தார்.

"எப்பா! எப்பா, துடிப்பக் காணோம்! பேசுங்கப்பா!"

"இருக்கேன்ட்டி" என்றான். அதற்குமேல் பொய் வரவில்லை. "வாட்ச வெட்டியாச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கேன். நெஞ்சுவலின்னு நெனைக்கேன்."

மறுமுனையில் அழுகையா மூச்சா என்று தெரியவில்லை. அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு மணி நேரமானது. பிறகு டாக்டர் ஷிஃபா வந்தார். சின்ன வயசு.

"உங்க நெஞ்சுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. ஸ்டென்ட் வச்சப்புறம் எடுத்த ஈசிஜி மாதிரிதான் இருக்கு. ரத்தத்துலயும் இல்ல. வலி கையிலதான். வாருக்கு அடியில ஈரம் தேங்கி அலர்ஜியாகி, புண்ணாகி, சீழ் வச்சு, அக்குள் வரைக்கும் ஏறிடுச்சு. காய்ச்சலும் அதான். புண்ணுக்கு என்ன போட்டீங்க?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

"காய்ச்சுன எண்ணெய். கற்பூரம், ஓமம்..."

"அதப் போட்டு மேல வாரையும் இறுக்கிக் கட்டிட்டீங்க." டாக்டர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஊசி போடணும், இங்கயே இருக்கணும். போனதுக்கப்புறமும் இந்தக் கையில எண்ணெய் படக்கூடாது. தண்ணி படக்கூடாது. ஆடி கழியட்டும், பாக்கலாம்."

"எம்மா, எண்ணெயும் தண்ணியும் இல்லன்னா எனக்குக் கையே இல்லையே."

"மூணு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா உண்மையிலேயே இல்லாமப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

போன் மறுபடி அடித்தது. ஸ்வாதி. முத்துக்குமாரசாமி பேசினார். "நெஞ்சு இல்ல தாயி, கைதான். பயப்படாத... ஆமா, ஓன் வாட்ச் கடிச்ச கைதான்... சரி, சரி, சொல்லுதேன்." வைத்துவிட்டுத் தளவாயைப் பார்த்தார். "ரயில் ஏறிட்டா. இனிமே வாட்ச் வேண்டாமாம். அவளே கையப் பிடிச்சுப் பாத்துக்கிடுவாளாம்."

தளவாய்க்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "அந்த அண்ணாச்சி எங்க வே?"

"போயிட்டாரு. நெஞ்சு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் போனாரு. அதுவரைக்கும் வராந்தாவுல எண்ணெயோட நின்னுக்கிட்டு இருந்தாரு மனுசன். போறவாற பொம்பளையெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனா."

"பேரு என்னன்னாவது கேட்டீரா?"

"யாரு வே கேட்டா, அந்த நேரத்துல?"

"அடுத்த சீசன் வந்தாருன்னா நீராவது தேய்ச்சிரும்."

"நான் எப்படி வே தேய்க்க? நீரு கை வச்ச உடம்பு."

மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கை தலையணை மேல் கிடந்தது. கை ஆறினாலும் அந்த ஆளைத் தேடிப் பிடிக்காமல் இனி எந்த உடம்பிலும் அவன் எண்ணெய் வைக்க முடியாது. மதுரையில் எந்தத் தெரு, என்ன கடை, ஒன்றும் தெரியாது.

பேர் தெரியாத அந்த மதுரைக்காரருக்குத் தளவாய் ஒரு முதுகு பாக்கி.