கன்னத்தில் ஒதுக்கிய கொய்னா

மாத்திரையை முழுங்காமலே முழுங்கிக் காட்டுவது பெத்தம்மாளுக்குக் கைவந்த வித்தை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் தோட்டத்து மருந்துக்காரரான டிரஸ்ஸர் மணியம் மாத்திரை டப்பாவும் தண்ணீர்ச் செம்புமாக வரிசையில் வருவார். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அவர் கண் முன்னால் காய்ச்சலுக்குக் காப்பாக ஒரு கொய்னா மாத்திரை முழுங்கியாக வேண்டும். மலாயாவில் செலண்டார் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில், இருபத்தேழாம் வருஷ மழைக்குப் பிறகு வந்த சட்டம் அது.

பெத்தம்மாள் வாயில் போடுவாள், அண்ணாந்து தண்ணீர் குடிப்பாள், தொண்டையை ஏற்றி இறக்குவாள், ஆவென்று வாயையும் திறந்து காட்டுவாள். மாத்திரை கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே பத்திரமாக இருக்கும். தன் நிரையின் முதல் ரப்பர் மரத்தடிக்குப் போனதும் அதை உள்ளங்கையில் துப்பித் துடைத்து, முந்தானை ஓரத்தில் முடிந்துகொள்வாள். கசப்பு மட்டும் மத்தியானம்வரை நாக்கிலேயே கிடக்கும். அந்த மாத்திரையில் அவள் பங்கு அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் புருஷன் தம்புசாமிக்கு. அந்த மகராசனுக்கும் உடம்பு நன்றாக இருந்த காலத்தில் தினம் ஒன்று கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கொய்னா தின்றால் காது அடைக்கும், ஆம்பிளைக்கு ஆகாது என்று எவனோ சொன்னதை நம்பி, களத்து வேலியோரம் போய் ஒழுங்காகத் துப்பிவிட்டு வந்தான். பிறகென்ன, குளிர்காய்ச்சல் வந்து படுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டிரஸ்ஸரே லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சொன்னார். தினம் ஒரு மாத்திரை வராமல் தடுக்கத்தான் உதவும், வந்த காய்ச்சலுக்கு அங்கே படுத்து வேளாவேளைக்கு மருந்து குடிக்க வேண்டும் என்று விளக்கியும் பார்த்தார்.

"மாட்டு வண்டியில ஏறிப் போனவன் எவன்லா நடந்து வந்தான்?" என்று சொல்லிவிட்டுத் தம்புசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரட்டில் நிற்காதவனுக்கு மாத்திரை கிடையாது. ஆகவே பெண்டாட்டி வாயிலிருந்து எடுத்துத் தின்றான். மூன்று வாரமாக இதே கதை. ஒரு நாள் எழுந்து உட்காருவான், மறுநாள் பழையபடி நடுங்குவான். பெத்தம்மாள் மரப்பட்டை வெட்டி, வடிந்த பால் சுமந்து, நிறுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சி, அவன் துணியைத் துவைத்து, எட்டு வயசு மகள் ராஜம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, விழுகிற இடத்தில் தூங்குவாள்.

இது அவள் ஒருத்தி செய்கிற காரியமும் அல்ல. லயத்தில் பாதிப் பெண்கள் கன்னத்தில் ஒதுக்குகிறவர்கள்தான். ஒருத்தி பிள்ளைக்கு, ஒருத்தி மாமியாருக்கு. யாரும் யாரிடமும் சொன்னதில்லை, அதில் என்ன சொல்ல இருக்கிறது?

பக்கத்து வீட்டு முனியம்மா நாலே நாள் காய்ச்சலில் ஒரு புதன்கிழமை செத்துப்போனாள். அவளைக் குளிப்பாட்டப் போன பெண்களில் பெத்தம்மாளும் இருந்தாள். சேலையைக் களையும்போது முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்தாள். மூன்று மாத்திரைகள். ஒன்று எச்சிலில் பாதி கரைந்து, சேலைச் சாயம் ஏறியிருந்தது. கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையைக் காலையில்தான் டிரஸ்ஸர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

பெண்களில் மூத்தவளான மங்களம் வாசல் பக்கம் பார்த்தாள். "நீயே வச்சுக்க புள்ள. ஒம் புருசனுக்கு ஆவும்," என்றாள்.

பிணத்து முடிச்சிலிருந்து எடுத்ததைப் புருஷனுக்குக் கொடுக்க வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அழுதுகொண்டேதான் கொடுத்தாள். அவன் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுங்கினான்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து முனியம்மாவின் பிள்ளை பிழைத்து வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் போட்டார்கள். தேறிய பிள்ளை, நன்றாக வீறிட்டு அழுதது. தூக்கத்தான் தாய் இல்லை.

அன்றைக்கு மரத்தடியில் பெத்தம்மாளுக்குக் குளிர் எடுத்தது. உச்சி வெயில் ஏறியும் பல் கிட்டியது. கை நடுங்கிக் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டது. கங்காணி அப்புசாமி மரத்தைக் காயப்படுத்திவிட்டாய் என்று கத்தினார். மரத்துக்கு வருத்தப்பட ஒரு ஆள் இருக்கிறதே என்று நினைத்தாள். அவர் போனபிறகு அப்படியே வேரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கை தானாக முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. இருந்தது, காலை மாத்திரை.

நான் செத்தால் இதை யார் அவிழ்ப்பார்கள் என்று தோன்றியது. மங்களம் அக்கா அவிழ்ப்பாள். அவிழ்த்து, அவள் வீட்டில் யாருக்கு முடியவில்லையோ அவர்களுக்குக் கொடுப்பாள். ராஜம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவள் வளர்ந்து பெரட்டுக்குப் போய், அவளும் கன்னத்தில் ஒதுக்கக் கற்றுக்கொள்வாள்.

பெத்தம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். போத்தல் அடியில் கிடந்த ஆறின காப்பியை ஊற்றிக்கொண்டு மாத்திரையை உள்ளே தள்ளினாள். திருடித் தின்றவள்போல வாயைத் துடைத்துக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்புசாமி வழக்கம்போலக் கையை நீட்டினான்.

"முழுங்கிட்டேன்," என்றாள்.

"யாரு?"

"நான்தான். எனக்குக் குடுத்தது, நான் முழுங்கிட்டேன்."

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அப்ப நான் சாகவா என்று கேட்டான். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. முனியம்மா பிள்ளை வண்டியில் போய்த்தான் திரும்பி வந்தது, வருகிற வழியில் டிரஸ்ஸரிடம் நாளைக்கு வண்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பை மூட்டப் போனாள். அன்றைக்குக் கஞ்சியைத் தனக்கும் சூடாக இருக்கும்போதே ஊற்றிக்கொண்டாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் கஞ்சியைச் சூடாகக் குடித்தது அதுதான் முதல் தடவை. தம்புசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் மறுநாள் பொழுது ஏறி வண்டி வந்தபோது, திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

அவளுக்குக் குளிர் மறுபடி ஒருமுறை வந்தது. டிரஸ்ஸரிடம் அவளே போய்ச் சொல்லி, கூடுதல் மருந்து வாங்கி, மூன்று நாள் படுத்தாள். நாலாம் நாள் மறுபடி வரிசையில் நின்றாள். மாத்திரையை வாங்கினாள், முழுங்கினாள், வாயைத் திறந்தாள். மணியம் நகர்ந்து அடுத்து நின்ற மங்களத்துக்குக் கொடுத்தார். மங்களம் தண்ணீர் குடித்தாள், தொண்டையை ஏற்றி இறக்கினாள், ஆவென்று காட்டினாள். அவர் தாண்டிப் போய்விட்டார்.

மங்களத்தின் இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. அவள் பேத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

"புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இத நீ முழுங்குக்கா," என்றாள் பெத்தம்மாள், வாளியைக் கையில் எடுத்துக்கொண்டே. "ஒன் முடிச்சையும் அவுக்க எனக்குத் தெம்பில்ல."