தொட்டி மூடிமேல் பிரீகிதா

“மத்தி போடாம சேவல் மீனா? உனக்குப் பித்துதான் பிடிச்சிருக்கு,” என்றான் எலீகியோ.

“நீ போடுற மத்தியாலதான் அண்ணே அது என் இறகுத் தூண்டிலைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்குது. கல்யாண விருந்து போட்டுட்டு, பின்னாடியே ஆட்டு மயிரை நீட்டினா யாரு திம்பா?”

காசிமிரா சமையலறை மேசையில் கடலையே விரித்து வைத்திருந்தாள். உப்புக்குடுவை பாறைமுனை. காப்பிக் கோப்பை படகு. மடித்து வைத்த ரொட்டி மணல்கரை. தன் வெள்ளாட்டின் மயிரும் இறகும் சேர்த்து அவள் கட்டிய போலி மீன், கோப்பைக்கும் ரொட்டிக்கும் நடுவே கிடந்தது.

“வாடைக்காத்து அடங்கிருச்சு. ஞாயித்துக்கிழமை வெளிச்சம் வர்றப்போ பாறைகிட்ட நிக்கணும். அண்ணி முள்ளில்லாத கயித்துல உயிர் மடவை மீனைக் கட்டி இழுப்பாங்க. சேவல் மீன் துரத்திக்கிட்டு வரும். வாய் வைக்கிற நேரத்துல வெடுக்குன்னு தூக்கிரணும். அது கோபத்துல தேடும் பாரு, அப்போ என் இறகு அங்க விழும்.”

எலீகியோ மணல்கரையைப் பிய்த்து அவரைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

“ஏங்க, அவ கரையைத் தின்னுட்டீங்களே!” என்றாள் அவன் மனைவி பிரீகிதா.

அவன் மென்று முடித்தான். “ஞாயித்துக்கிழமை இறகுல ஒரே ஒரு சேவல் மீன். பிடிச்சா அப்பாவோட ரெண்டாவது படகு உனக்கு. வெளியூர்க்காரங்களை மீன்பிடிக்க ஏத்திக்கிட்டு எங்க வேணாலும் போ. இல்லேன்னா நிக்கானோர் சுறா வலைக்குக் கேக்குறான், குடுத்துருவேன்.”

“சரி. ஆனா மத்தித் தொட்டி படகுல ஏறக்கூடாது.”

“தண்ணி இல்லாமகூடப் போவேன், மத்தி இல்லாமப் போகமாட்டேன். மூடியே வச்சிருக்கேன், போதுமா?”

ஞாயிற்றுக்கிழமை கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. எலீகியோ இயந்திரத்தருகே; பிரீகிதா நடுவில், மடவையோடு; காசிமிரா முன்முனையில். அவளுடைய தூண்டில் கயிறு சிக்கிக்கொள்ளாமல் துணி அலசும் வாளிக்குள் சுருண்டிருந்தது.

கரையோரம் ஒரு சேவல் மீனின் கொண்டை கிளம்பியது. கறுத்த சீப்புபோல் தண்ணீரைக் கீறிக்கொண்டு வந்தது.

“அண்ணி, இழுங்க!”

பிரீகிதா இழுப்பதற்குள் எலீகியோவின் கை தொட்டிக்குள் போய்விட்டது. பிறந்ததிலிருந்து பழகிய கை. ஒரு பிடி மத்தி வெள்ளிக்காசாகச் சிதறியது. நாலா பக்கமும் சேவல் மீன்கள் பாய, கடல் கொதித்தது. காசிமிரா எறிந்தாள், மறுபடி எறிந்தாள். மீன்கள் இறகை இடித்துக்கொண்டு மத்தியிடம் போய், வயிறு நிறைந்ததும் மறைந்தன.

“அண்ணே!”

“நான் போடலடி. கை போட்டுருச்சு.”

“அப்போ நிக்கானோருக்கு வாழ்த்துச் சொல்லிருவோமா?” காசிமிரா வெறும் இறகைப் படகுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிரீகிதா தொட்டியை மூடினாள். தன் முழு உடம்பையும் மூடிமேல் இறக்கினாள். பலகை முனகியது.

“இப்ப எடுங்க பாப்போம்,” என்றாள் புருஷனிடம். “காசி, உப்புக்குடுவைக்குப் போவோமா?”

பாறைமுனையில் ஒரே ஒரு கொண்டை. பெரியது. மூடியைவிட்டு இம்மியும் அசையாமல் பிரீகிதா மடவையை இழுத்தாள். பின்னாலேயே நீலமாக ஒரு முதுகு சீறி வந்தது.

“தூக்குங்க அண்ணி!”

மடவை பறந்து எலீகியோவின் கன்னத்தில் சப்பென்று அறைந்தது. கொண்டை அங்குமிங்கும் தேடியது. இறகு விழுந்தது. காசிமிரா வேகமாக இழுத்தாள், இன்னும் வேகமாக. தண்ணீர் வாய் பிளந்தது.

“தூண்டில் கழியைத் தூக்குடி!” என்று கத்தினான் எலீகியோ.

அவள் தூக்கவில்லை. கழியை மீனுக்கு நேராகவே வைத்து, கயிற்றைக் கையால் அழுத்தி இழுத்தாள். முள் ஏறியது. வாளி நொடியில் காலி. கயிறு அவள் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது.

“ஓடட்டும் விடு... பாறை, பாறைப் பக்கம் விடாதே... என் தங்கமே!” எலீகியோ குதித்த குதியில் படகு ஆடியது.

வெயில் உச்சியை நெருங்கும்போது மீன் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. அவனே குனிந்து வாலைப் பிடித்தான். காசிமிரா கொண்டையை விரல்களால் நீவி விரித்துப் பார்த்தாள். பிறகு முள்ளைக் கழற்றி, மீனின் தலையைத் தண்ணீருக்குள் திருப்பி அதைப் போகவிட்டாள். ஒரு வால்வீச்சில் மூன்று பேரும் நனைந்தார்கள்.

எலீகியோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். இயந்திரத்தை விட்டு எழுந்தான். வாடிக்கையாளர்கள் உட்காரும் முன்பலகையில் போய், கையை மடியில் வைத்து உட்கார்ந்தான்.

“வீட்டுக்கு விடுங்க, கேப்டன். நாளைக்கு உங்க படகைக் கடல்ல இறக்கணும்.”

காசிமிரா இயந்திரத்தின் கைப்பிடியைப் பற்றினாள்.

“நான் எந்திரிக்கலாமா?” என்று கேட்டாள் பிரீகிதா.

“கரை வர்றவரைக்கும் உட்காருங்க அண்ணி. அண்ணன் கை இன்னும் அரிக்குது பாருங்க.”