அங்கி மட்டும் போகவில்லை

துறவி மடத்தை விட்டுப் போய் ஆறு வருடமாகியும் அது யாருக்கும் தெரியவில்லை. அவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போன அங்கி, மறுநாள் காலை தானே இறங்கிப் பிரார்த்தனைக்குப் போய்விட்டது. கூடத்தைப் பெருக்கியது, வந்தவர்களுக்குக் காலிக் கையை உயர்த்தி ஆசி வழங்கியது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்கு முந்தைய பத்தொன்பது வருடத்தில் மட்டும் யார் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்களாம்! சாப்பாட்டில் அங்கி ஒரு பருக்கை தொடாது. மடத்துத் தலைவர் அதை விரதம் என்று மெச்சினார்.

துறவியோ மூன்று ஊர் தள்ளி ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் ஓட்டை" என்று சொல்லும்போது மனது நிறைந்துவிடும். அதில் பொய் கிடையாது. அறைக்குத் திரும்பினால்தான் கஷ்டம், பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வீட்டுக்குச் சொல்ல வெட்கம். மகன் துறவி என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. ஆனாலும், காணாமல் போனவனைத் தேடக்கூட நாதியில்லையே என்று உள்ளுக்குள் அரித்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தங்கைக்குப் போன் செய்தார்.

"நான் மடத்துல இல்லம்மா. வெளிய வந்து ஆறு வருஷமாச்சு."

"விளையாடாதண்ணா. போன ஞாயித்துக்கிழமைகூட என் மாமியார் கதைய ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டியே."

அடுத்த மாதம் அவள் மடத்துக்கு வரும் நாளில், நகமெல்லாம் கிரீஸோடு அவரே போய் நின்றார். தங்கை அவரைப் பார்த்தாள். எதிரே அடக்கமாக உட்கார்ந்திருந்த அங்கியைப் பார்த்தாள். எழுந்துபோய் அதன் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே பெஞ்சுப் பலகை தெரிந்தது.

"நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சும்மா. நம்பாமலே ஆசி குடுத்துட்டிருந்தேன். அதுக்கு மேல முடியல."

அவள் அங்கியைக் காட்டினாள். "அம்மா போனப்ப இதக் கட்டிப்பிடிச்சுத்தானே அழுதேன்?"

அம்மா இறந்தது அவருக்கு அப்போதுதான் தெரியும். பெஞ்சில் அங்கியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அங்கி வழக்கம்போல அவர் தலைமேல் காலிக் கையை நீட்டியது. தங்கை அதைத் தட்டிவிட்டாள்.

"தள்ளு. இது எங்கண்ணன்."

அண்ணனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிக்கு அதில் ஒன்றும் கோபமில்லை. எழுந்து, வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்க்கப் போனது.